கற்பூரம் அணைத்து வாங்கிய ஓட்டு

மாவட்ட மன்றத்துக்குப் புதிதாக நியமிக்கப்பட்டவர்கள் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கும் படம் போன வாரம் பத்திரிகையில் வந்திருந்தது. அன்று மாலையே, மாவட்ட அலுவலகத்தில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஐயா, உங்க காலத்துல ஓட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்தாங்களாமே. அப்ப எல்லாம் ஒழுங்கா நடந்துச்சா?" என்று கேட்டாள். நியமனத்தில் வந்தவர்களோடு மல்லுக்கட்டி அலுத்த குரல். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை; இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

என் தயாரிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்து, நீதிமன்றச் செய்தி எழுதுபவனாக உயர்ந்தேன். கேட்டதைக் கேட்டபடி எழுதவும், யார் சொன்னது என்று போடாமல் எதையும் அச்சுக்கு அனுப்பாமல் இருக்கவும் அங்கே பழகினேன். மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தின் நடுவில் பத்திரிகையில் ஆள் குறைத்தார்கள். கோல சிலாங்கூர் மாவட்ட அலுவலகத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று ஒரு விளம்பரம் வந்தது. அதன் மெய்ப்பைத் திருத்தியவன் நான்தான். பிழை ஒன்றும் இல்லை. விண்ணப்பித்தேன், கிடைத்தது.

அப்போது அரசாங்கம் புதுக்கிராமங்களை அமைத்துக்கொண்டிருந்தது. காட்டோரம் சிதறிக் கிடந்தவர்களை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து முள்வேலிக்குள் குடிவைத்தார்கள். வேலிக்கு ஒரு கேட், கேட்டில் மாத்தா என்று ஜனங்கள் சொல்லும் போலீஸ், போகும்போதும் வரும்போதும் சோதனை, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. முதலில் இந்தக் கிராமங்களுக்கு அதிகாரிகள் பார்த்து ஒரு கமிட்டி போட்டார்கள். பிறகு, மக்களே ஓட்டுப் போட்டு ஊர் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சட்டம் வந்தது. அந்தத் தேர்தல்களை நடத்துவதுதான் எங்கள் வேலை.

எங்கள் என்றால் உதவி மாவட்ட அதிகாரி இஞ்சே ஹம்சாவும் நானும். இஞ்சே என்பது மலாயில் திரு; ஜனங்கள் அவரைத் துவான், அதாவது ஐயா, என்று கூப்பிடுவார்கள். ஒடிசலான மனிதர், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிக்க மாட்டார். தேர்தல் நடக்கும் ஊரில் எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தோளில் பட்டாளத்துத் தண்ணீர்க் குடுவை ஒன்று தொங்கும். வேட்பாளர் கொண்டுவந்து போடும் நாற்காலியில் உட்கார மாட்டார். ஜீப்பை எந்த வேட்பாளர் வீட்டுக்கும் அருகில் நிறுத்த விடமாட்டார். பெரும்பாலும் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வெயிலில் நடப்போம். விதிகளைப் படிக்கும்போது கூட்டத்தின் ஒரு பக்கம் பார்த்து ஒரு தடவை, மறுபக்கம் திரும்பி மறுபடி ஒரு தடவை படிப்பார். எனக்கு அவர் முதல் நாள் சொன்னது இவ்வளவுதான்: "நான் சொல்வதைச் சுருக்காதீர்கள். அழகாக்கவும் செய்யாதீர்கள்." நான் தமிழில் சொல்லும்போது என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மலாயில் அவர் சொன்னதைவிடத் தமிழ் நீண்டுவிட்டால், "அதிகமாக என்ன சொன்னீர்கள்?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அவரோடு வேலை செய்வது எளிதல்ல. அவருக்குப் பிறகு வந்தவர்களோடு வேலை செய்வது எளிதாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சொல்ல வந்த ஊர் புக்கிட் ரோத்தான் சாலையில் இருந்தது. பெயர் வேண்டாம், அப்போது அங்கே இருந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஊரில் முக்கால்வாசி சீனர்கள். தமிழர்கள் ஒரு மூலையில் இரண்டு வரிசை வீடுகளில் இருந்தார்கள். மன்றத்தில் அந்த இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே இடம்.

மேல்வரிசை மேட்டில் இருந்தது. மாரியம்மன் கோயிலும் இரண்டு தண்ணீர்க் குழாய்களும் அங்கேதான். கீழ்வரிசை சதுப்போரம். அங்கே தோண்டினால் வரும் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். துணி துவைத்தால் வெள்ளை வேட்டி காவியாகிவிடும். கீழ்வரிசைப் பெண்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மேல்வரிசை ஆட்கள் பிடித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஊரடங்குக்கு முன் வாளியோடு இறங்கவேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சரிவில் இறங்குவது தனி வித்தை.

மூன்றாவது குழாய்க்கு அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. எங்கே வைப்பது என்பதைப் புதிய மன்றம் முடிவு செய்யவேண்டும். நியமனக் கமிட்டியில் தமிழர்களுக்காக இருந்தவர் அந்தத் தோட்டத்தின் பெரிய மண்டோர், அதாவது தலைமைக் கங்காணி, அங்கமுத்து. அவர் மேல்வரிசையின் கடைசியில் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தார். குழாய் அதன் பக்கத்தில் வருவதுதான் வசதி என்று வெளிப்படையாகவே சொன்னார். கெட்ட மனிதர் என்று ஒரே சொல்லில் எழுதிவிட முடியாது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் அரிசி கேட்டு மிரட்டிய நாட்களில், எத்தனையோ குடும்பங்களுக்காகப் போலீஸில் போய் நின்றவர். வேலை இல்லாமல் வந்தவர்களைத் தோட்டத்தில் சேர்த்துவிட்டவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் யாருக்கு எந்த மர நிரை என்று சொல்வதும் அவர்தான். அந்த ஜனங்களுக்கு அவரைவிட்டால் வேறு கதவு இருக்கவில்லை.

தேர்தலுக்கு அவர் குடை சின்னத்தில் நின்றார். எதிர்த்து நிற்க யாரும் வரவில்லை. மனுக் கொடுக்கும் நேரம் முடியப்போகும் சமயத்தில், வெட்டுக்குப் போன அதே உடுப்போடு, கையில் பால் காய்ந்து ஒட்டியிருக்க, கீழ்வரிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் பாக்கியம். முன்மொழிய ஆள் வேண்டும் என்றதும், கேட்டருகே காப்பிக்கடை வைத்திருந்த நாகூர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்தாள். ஊரில் எல்லாரும் அவரை நானா என்று கூப்பிடுவார்கள். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"நானா, நேத்து மண்டோருக்கும் நல்லா செய்யுங்கன்னு சொன்னீங்களே" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"சொன்னேன். குடையும் ஒண்ணு வேணும், வாளியும் ஒண்ணு வேணும்லா. மழை பேஞ்சா ரெண்டுக்கும் வேலை இருக்கு."

பாக்கியம் கேட்டு வாங்கிய சின்னம் வாளி. இஞ்சே ஹம்சா அவளிடம் விதிகளை இரண்டு தடவை படித்தார். அவள் போன பிறகு நானா அவருக்குக் காப்பி நீட்டினார். அவர் மறுத்து, குடுவையைத் திறந்தார். நானா என்னிடம் தமிழில், "இந்த ஊர்ல ஒரு வாய் தண்ணி குடிச்சுப் பாக்காத மனுசன், இந்த ஊர்க் குழாயைப் பத்தி என்னத்தக் கண்டாரு?" என்றார். என்ன சொன்னார் என்று இஞ்சே ஹம்சா கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கிளம்புமுன் கீழ்வரிசைக்குப் போய் அந்தத் தேத்தண்ணி நிறத் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார்.

வாக்களிப்புக்கு முந்தின வாரம் பாக்கியம் மாவட்ட அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். பஸ் பிடித்து, வேலைக்குப் போகாமல். கூடவே அவள் கணவன் மாரிமுத்து. அவர் உள்ளே வராமல் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமைப் பூஜையில் நடந்ததைச் சொன்னாள். தீபாராதனை முடிந்ததும் பூசாரி தட்டில் புதிதாகக் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். மண்டோர் பக்கத்தில் நின்றிருக்கிறார். வீட்டுக்கு ஒருவர் கணக்கில், பிறகு வந்திருந்த எல்லாரும், ஒவ்வொருவராக முன்னால் வந்து, "குடைக்குத்தான் போடுவேன், ஆத்தா சாட்சி" என்று சொல்லிக் கையால் கற்பூரத்தை அணைக்கவேண்டும். அணைய அணையப் பூசாரி ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். மேல்வரிசையும் அணைத்தது, கீழ்வரிசையும் அணைத்தது.

"இதோ நிக்குதே இந்த மனுசன், இதுவும் போய் அணைச்சுட்டு வந்திருக்கு" என்றாள் பாக்கியம். "தாலி கட்டுன பொண்டாட்டி வாளில நிக்கிறேன். இவரு ஓட்டு குடைக்கு."

"கூட்டத்துல நான் என்னா செய்யறது?" என்றார் மாரிமுத்து, வாசலிலிருந்தே. "மாமா பக்கத்துல நிக்கிறாரு. தட்டு என் முன்னால வந்துருச்சு."

"தட்டு வந்தா? கையை மடக்கி வச்சுக்கிட்டு நிக்கக் கூடாதா?"

"ஆத்தா முன்னால கையை மடக்கவா? நீ பேசுவ."

அங்கமுத்து மாரிமுத்துவுக்கு மாமன் முறை. மாரிமுத்துவை இந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்ததும் அவர்தான்.

கற்பூரம் அணைத்துச் செய்யும் சத்தியம் என்னவென்று இஞ்சே ஹம்சாவுக்கு நான் விளக்கவேண்டியிருந்தது. அணைத்தவன் மீறினால் அவன் குடும்பம் அணைந்துபோகும் என்பது நம்பிக்கை என்றேன்.  எங்கள் விதிகளில் ஒரு வரி உண்டு: தெய்வக் குற்றம் வரும் என்று பயம் காட்டி ஓட்டு வாங்குவது குற்றம். ஆனால் அதை நிரூபிக்க, அப்படிப் பயந்தவன் வந்து சாட்சி சொல்லவேண்டும். "நீங்கள் சொல்வீர்களா?" என்று மாரிமுத்துவிடம் கேட்டார். மாரிமுத்து தூணைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "ஓட்டு இன்னும் போடலையே துவான். இப்பப் பேசினா சத்தியத்த மீறின மாதிரி ஆயிடும்."

மறுநாள் அந்த ஊரில் கூட்டம் போட்டோம். ஓட்டு ரகசியமானது என்பதை விளக்குவதுதான் இஞ்சே ஹம்சாவின் திட்டம். மறைப்புத் துணியை மாட்டிக் காட்டினார். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுக் காட்டினார். பெட்டியைக் குலுக்கினார். "உங்கள் சீட்டில் உங்கள் பெயர் இருக்காது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று மண்டோருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் யாருக்குமே தெரியாது" என்றார், ஒரு பக்கம் பார்த்து. மறுபக்கம் திரும்பி அதையே மறுபடி சொன்னார். நான் சுருக்காமல் சொன்னேன்.

கீழ்வரிசை ஆட்கள் இருந்த இடத்திலிருந்து வயதான ஒருத்தியின் குரல் வந்தது. "ஆத்தாளுக்குத் தெரியுமே."

யாரும் சிரிக்கவில்லை. நான் அதை மலாயில் சொன்னேன். இஞ்சே ஹம்சா பெட்டியைக் கீழே வைத்தார். பத்திரிகையில் இருந்தபோது நீதிமன்றங்களில் எத்தனையோ வாதங்களைக் கேட்டிருக்கிறேன். எதிர்த்தரப்புக்குப் பதிலே இல்லாமல் போன வாதம் அது ஒன்றுதான். எங்கள் தேர்தல் முறை முழுவதும், மறைப்புத் துணியும் பெட்டியும் அரக்கு முத்திரையும், மனிதனுக்குத் தெரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அவர்கள் பயந்தது மனிதனுக்கு அல்ல.

கூட்டம் கலைந்த பிறகு பூசாரி ஜீப்பருகே வந்தார். மண்டோர் சொன்னதால் செய்துவிட்டேன், இப்போது மனது உறுத்துகிறது என்றார். ஒரு பரிகாரப் பூஜை போட்டு, எல்லாரையும் சத்தியத்திலிருந்து விடுவித்துவிடலாம், துவான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. பாக்கியமும், "செய்யுங்கய்யா, நாளைக்கே செய்யுங்க" என்றாள்.

இஞ்சே ஹம்சா மறுத்துவிட்டார். "மண்டோர் சொல்லிக் கோயிலில் ஒரு பூஜை நடந்தது. நான் சொல்லி இன்னொன்று நடந்தால், இந்த ஊரில் ஓட்டுப்பெட்டி கோயிலுக்குள்தான் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அடுத்த தேர்தலில் யார் பெரிய பூஜை போடுகிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள்."

"அப்ப கீழ்வரிசை தோக்கட்டுமா?" என்று பாக்கியம் கேட்டாள்.

அவர் குடுவையைத் தோளில் சரிசெய்துகொண்டு ஏறிவிட்டார். ஜீப்பில் வரும்போது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தச் சத்தியம் எதுவரைக்கும்?"

"ஓட்டுப் போடுகிறவரைக்கும்" என்றேன்.

"போட்ட பிறகு?"

"போட்டுவிட்டால் நிறைவேற்றியாகிவிட்டது."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

வாக்களிப்பு அமைதியாக நடந்தது. அவ்வளவு ஒழுங்கான வரிசையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எல்லாரும் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி வந்தார்கள். பாக்கியம் ஒரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாரிமுத்து அவளைக் கடந்து போனபோது நிமிர்ந்து பார்க்கவில்லை. எண்ணியபோது வாளிக்கு விழுந்தது நானாவின் குடும்பமும் பாக்கியமும் இன்னும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் சிலரும் போட்டிருக்கக்கூடிய அளவுதான். மற்றதெல்லாம் குடை.

முடிவைப் படித்த பிறகு இஞ்சே ஹம்சா வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்தார். முறைகேடு பற்றிப் புகார் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு, இன்ன நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்ற விதியை இரண்டு பக்கமும் படித்துவிட்டு, மூன்றாவது தடவை நடுவில் பார்த்துப் படித்தார். "மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார் என்னிடம். மெதுவாகச் சொன்னேன். அதற்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இதைப் பலர் பிறகு நம்பவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

கெடு முடிவதற்குள் மாரிமுத்து வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தார். பின்னால் கீழ்வரிசையிலிருந்து இன்னும் சிலர்.

"குடைக்குப் போட்டுட்டேன் துவான். சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன். ஆத்தாகிட்ட இனி எனக்குப் பாக்கி இல்ல" என்றார். "இப்ப நடந்ததச் சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு யாரும் கற்பூரம் அணைக்கச் சொல்லல."

இது யாருக்குத் தோன்றிய யோசனை என்று கேட்டேன். மாரிமுத்து வெளியே நின்ற மனைவியைக் காட்டினார். பாக்கியம், "எனக்கு என்னா தெரியும்? ஓட்டுப் போட்டதுலேர்ந்து ராத்திரி பகலா அவருதான் புலம்பிக்கிட்டுக் கிடந்தாரு" என்றாள். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

விசாரணை ஊர்ப் பொதுக்கூடத்தில் நடந்தது. இஞ்சே ஹம்சா மேசையை நடுவில் போடச் சொன்னார். மண்டோருக்கும் புகார் கொடுத்தவர்களுக்கும் ஒரே மாதிரி பெஞ்சு. மாரிமுத்து சாட்சி சொல்ல எழுந்து நின்றதும் தயங்கினார்.

"இங்கயும் கற்பூரம் அணைக்கணுமா?"

"வேண்டாம். உண்மையைச் சொல்வேன் என்று சொன்னால் போதும்."

"வெறும் வாயால சொன்னா நம்புவீங்களா?"

"நம்புவேன்" என்றார் இஞ்சே ஹம்சா.

மாரிமுத்து மேசைக்கு அருகே வந்து நின்றார். பிறகு சொன்னார், ஒன்றையும் கூட்டவில்லை, மண்டோரைத் திட்டவும் இல்லை. மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

அங்கமுத்து எழுந்தார். அவருக்கு வருத்தம் உண்மையாகவே இருந்தது. "துவான், நான் யாரையும் அடிக்கல, மிரட்டல. வேலையத் தூக்கிருவேன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா இவங்க சொல்லட்டும். எல்லாம் நம்ம பிள்ளைங்க. அவங்களா வந்தாங்க, அவங்களா அணைச்சாங்க."

இஞ்சே ஹம்சா கேட்டார்: "அணைக்காமல் போனவர்கள் யாராவது உண்டா?"

"இல்ல துவான்."

"அணைக்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?"

மண்டோர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. புரியாமல் என்னைப் பார்த்தார். நான் மறுபடி சொன்னேன்.

"அது எப்படி துவான்?" என்றார். "அத்தன பேரு முன்னால, ஆத்தா முன்னால, நான் நிக்கையில, அணைக்க மாட்டேன்னு யாரால சொல்ல முடியும்?"

இஞ்சே ஹம்சா அதை எழுதினார். எழுதியதை உரக்கப் படித்து, சரியா என்று கேட்டார். சரிதான் என்றார் மண்டோர். அவர் தன் தரப்பை விளக்கியதாகவே நினைத்தார். அவருடைய சொந்த வாயால் வழக்கு முடிந்துவிட்டது என்று அந்தக் கூடத்தில் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள் இருவரும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நானாவும்தான். நானா எழுந்து கடையைப் பார்க்கப் போய்விட்டார்.

தேர்தல் செல்லாது என்ற அறிக்கையை இஞ்சே ஹம்சா மேலே அனுப்பினார். அதன் பிறகு நடந்தவை என் மேசையைத் தாண்டிப் போயின. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். தோட்டத்துத் துரை எங்கள் மேலதிகாரியைக் கூப்பிட்டார். ஊர் அமைதியாக இருக்கும்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்று பாதுகாப்புப் பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். கற்பூரத்தை வைத்து ஒரு தேர்தலை ரத்துசெய்வது வேடிக்கை என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இஞ்சே ஹம்சா எந்தக் கேள்விக்கும் வாயால் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த விதியையும் மண்டோரின் அந்த வாக்கியத்தையும் தட்டச்சு செய்து அனுப்பினார். கடைசியில் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். மறுதேர்தல் நடந்தது. அங்கமுத்து நிற்கக் கூடாது என்றதால் அவருடைய மகளைக் கட்டிய மருமகன் நின்றார். கோயிலில் தீபாராதனை முடிந்ததும் பூசாரி தட்டைக் கையோடு உள்ளே கொண்டுபோய்விட்டார் என்று பாக்கியம் சொன்னாள். மயிரிழையில் ஜெயித்தாள்.

மன்றத்தின் முதல் கூட்டத்தில் சீன உறுப்பினர்களுக்குப் புரியும்படி, தமிழும் மலாயும் கலந்து, கையால் சரிவைக் காட்டி, காலால் வழுக்கிக் காட்டிப் பேசினாள். மூன்றாவது குழாய் கீழ்வரிசைக்கு என்று தீர்மானம் நிறைவேறியது.

அதே வாரம் பெரட்டுக் களத்தில் அவளுக்கும் மாரிமுத்துவுக்கும் நிரை மாறியது. தோட்டத்தின் கடைக்கோடி, சதுப்பை ஒட்டிய கிழட்டு மரங்கள். பால் வராது, வருவதைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து சேர்வதற்குள் நிறுவை முடிந்திருக்கும். பலநாள் பால் வீணானது. வேலை சரியில்லை என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எழுத, துரை கையெழுத்துப் போட, இருவரையும் நிறுத்திவிட்டார்கள். யாரும் விதி எதையும் மீறவில்லை. நிரை கொடுப்பது மண்டோரின் வேலை. பாக்கியம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னபோது இஞ்சே ஹம்சா சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அதில் ஒன்றும் இல்லை என்று அவருக்கு முன்பே தெரியும். ஆனாலும் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். மூடிவைத்துவிட்டு, "தோட்டம் என் அதிகாரத்துக்கு வெளியே" என்றார். நான் அதைத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

சபாக் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. ஊரைவிட்டுப் போனதால் மன்றத்தில் அவளுடைய இடமும் போனது. அந்த இடத்துக்கு மண்டோரின் மருமகன் வந்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை. தீர்மானத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. அது ஏற்கெனவே குழாய் போடும் இலாகாவுக்குப் போய்விட்டது.

இஞ்சே ஹம்சாவைப் பிறகு வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்றுதான் உத்தரவில் இருந்தது. நான் இருந்த இடத்திலேயே ஓய்வுபெறும்வரை இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்கள் நடத்தினோம். விருந்து வைத்து ஓட்டு வாங்கியவர்களைப் பார்த்தேன். வேலிக் கேட்டில் சோதனை செய்பவனை நண்பனாக்கிக்கொண்டு வாங்கியவர்களையும் பார்த்தேன். சிலவற்றைப் பிடித்தோம், பலவற்றைப் பிடிக்கவில்லை. பிறகு அந்தத் தேர்தல்களே நின்றுபோயின.

தொலைபேசியில் கூப்பிட்ட பெண் கேட்டதற்குப் பதில் இதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கவேண்டும். அவர்கள் போய் ஓர் ஆண்டுக்குப் பிறகு, சபாக்கில் ஒரு ஊர் மன்றத் தேர்தல் வேலையாகப் போயிருந்தேன். சந்தை நாள். மீன் கடைப் பக்கம் பாக்கியமும் மாரிமுத்துவும் தோட்டத்து லோரிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவள் மெலிந்திருந்தாள். அவர் தலை நன்றாக நரைத்திருந்தது.

"அங்க தண்ணி வருதா ஐயா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"வருதும்மா. கீழ்வரிசை நடுவிலேயே வச்சிருக்காங்க."

"நல்லா வருதா?"

"காலைல நல்லா வருது. பொழுதுபட்டாக் கொஞ்சம் குறையும்."

அவளுக்குத் திருப்தி. கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "இங்கயும் கிணறு ஒண்ணுதான். அதுவும் மண்டோர் வீட்டுக் கொல்லைல. இங்க எப்ப எலெக்ஷன் வைப்பீங்க?"

"தோட்டத்துக்குத் தேர்தல் கிடையாதும்மா. அது கம்பெனி நிலம். ஊருக்குத்தான் மன்றம்."

"அப்ப கிணத்துக்கு யாருகிட்ட போயிக் கேக்கறது?"

"துரைகிட்டத்தான்."

"துரை யாரக் கேட்டுச் செய்வாரு?"

 மாரிமுத்துவே சொன்னார். "மண்டோரத்தான் கேப்பாரு. வேற யாரக் கேப்பாரு?" பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்த ஊரு மண்டோருக்குச் செலவே இல்லைங்க ஐயா. கற்பூரம்கூட வாங்க வேண்டியதில்ல."

லோரி வந்தது. பாக்கியம் முதலில் ஏறி, கூடையை வாங்கிக்கொண்டு, அவருக்குக் கை கொடுத்தாள். நான் ஓட்டுப்பெட்டிகளுக்கு அரக்கு வைக்கத் திரும்பிப் போனேன்.